கணுக்கால் சுளுக்கு: வலி நின்றதும் களமிறங்கலாமா?

கபடி, கையுந்துபந்து, கூடைப்பந்து, கால்பந்து ஆகிய விளையாட்டுகளில் மிகுதியாக ஏற்படும் காயங்களுள் ஒன்று கணுக்கால் சுளுக்கு ஆகும். பெரும்பாலோர் இதனைச் சிறிய காயமாகவே கருதுகின்றனர். வீக்கம் வடிந்து, நடக்கும்போது வலி இல்லை என்றதும் மீண்டும் களத்தில் இறங்கிவிடுகின்றனர். அவ்வாறு இறங்குவோரில் பலருக்கு அதே கணுக்காலில் மீண்டும் சுளுக்கு ஏற்படுகிறது.

மண்டல அல்லது மாவட்ட அளவிலான போட்டி நெருங்கும் வேளையில் காயமடையும் மாணவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “வலி போய்விட்டது, ஆடலாமா?” வலி இல்லாமை மட்டுமே இக்கேள்விக்கு விடையாகாது. மூட்டு தன் உறுதியையும் சமநிலையையும் மீட்டுள்ளதா என்பதைப் பரிசோதித்து அறிந்த பின்னரே விடை கூற இயலும். இக்கட்டுரை அதற்கான காரணத்தையும், பரிசோதனை முறைகளையும், மறுவாழ்வுப் பயிற்சியின் படிநிலைகளையும் விளக்குகிறது.

கணுக்கால் மூட்டின் உறுதி எவ்வாறு அமைகிறது?

ஒரு மூட்டு தன் இயல்பான எல்லைக்குள் அசைந்து, எல்லை மீறாமல் நிற்கும் திறனே மூட்டு உறுதி எனப்படும். இத்திறனை மூன்று அமைப்புகள் சேர்ந்து அளிக்கின்றன.

முதலாவது, எலும்புகளின் வடிவம். கீழ்க்காலின் இரு எலும்புகளும் சேர்ந்து ஒரு கவ்விபோல் அமைந்து, கணுக்கால் எலும்பை நடுவில் பற்றியுள்ளன. கணுக்கால் எலும்பின் முன்பகுதி அகலமானது, பின்பகுதி குறுகியது. பாதம் மேல்நோக்கி மடங்கும்போது அகலமான பகுதி கவ்விக்குள் இறுக்கமாகப் பொருந்துகிறது. விரல்கள் கீழ்நோக்கியிருக்கும்போது குறுகிய பகுதி உள்ளே வருவதால் பிடி தளர்கிறது. குதித்துத் தரையிறங்கும் வேளையில் பாதம் இத்தளர்ந்த நிலையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, வீரர்கள் பேச்சுவழக்கில் லிகமென்ட் என்று குறிப்பிடும் தசைநார்கள். இவை எலும்பை எலும்புடன் பிணைக்கும் உறுதியான நார்த்திசுக்கள். கணுக்காலின் உட்புறத் தசைநார் அகன்றும் வலிமையாகவும் உள்ளது. வெளிப்புறத்தில் தனித்தனியான மூன்று மெல்லிய தசைநார்கள் உள்ளன. பாதம் உட்புறமாகப் புரளும்போது இவற்றுள் முன்புறத்தில் உள்ளதே பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுகிறது.

மூன்றாவது, தசைகளும் நரம்புகளும் இணைந்து செயல்படும் கட்டுப்பாட்டு அமைப்பு. தசைகள், தசைநார்கள், மூட்டுறை ஆகியவற்றில் உள்ள நுண்ணிய உணர்விகள், பாதம் எந்தக் கோணத்தில் உள்ளது, எவ்வளவு விரைவாக அசைகிறது என்ற செய்தியை மூளைக்கும் தண்டுவடத்திற்கும் இடையறாது அனுப்புகின்றன. இதனை நிலையுணர்வு என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே, எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இவ்வுணர்வால்தான். இச்செய்தியின் அடிப்படையில், பாதம் தரையைத் தொடும் முன்னரே காலின் வெளிப்புறத் தசைகள் இறுகி மூட்டைக் காக்கின்றன.

சுளுக்கின்போது நிகழ்வது என்ன?

கபடியில் பாடிச் செல்லும் வீரர் திடீரெனத் திரும்பும்போதும், எதிரணியினர் அவரது கணுக்காலைப் பற்றிய நிலையில் உடல் மட்டும் சுழலும்போதும் தசைநார் அளவுமீறி இழுபடுகிறது. கையுந்துபந்தில் வலையருகே குதித்து இறங்கும் வீரரின் பாதம் மற்றொருவரின் பாதத்தின்மேல் விழுவது பொதுவான காரணம். கால்பந்தில் மேடுபள்ளமான திடலே போதுமானது.

பாதம் புரளும் நிகழ்வு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. புரளத் தொடங்கிய பின்னர் நரம்பு வழியே செய்தி சென்று, தசை இறுகி, அப்புரளலைத் தடுக்கப் போதிய அவகாசம் இருப்பதில்லை. எனவே தசைகள் முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது இன்றியமையாதது. இந்த ஆயத்தநிலை நிலையுணர்வைச் சார்ந்தது.

சுளுக்கு மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல்நிலையில் தசைநார் இழுபட்டிருக்கும். இரண்டாம் நிலையில் ஒரு பகுதி கிழிந்திருக்கும். மூன்றாம் நிலையில் முழுமையாகக் கிழிந்திருக்கும். முதல்நிலைக் காயம் ஓரிரு வாரங்களிலும், இரண்டாம் நிலைக் காயம் பொதுவாக மூன்று முதல் ஆறு வாரங்களிலும் தேறும். மூன்றாம் நிலைக் காயத்திற்குப் பல மாதங்கள் ஆகலாம். வலி நீங்கிய பின்னரும் தசைநார் தன் வலிமையைப் படிப்படியாகவே திரும்பப் பெறுகிறது.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

சுளுக்கு என்று கருதப்படும் காயம் எலும்பு முறிவாகவும் இருக்கலாம். எக்ஸ்-ரே தேவையா என்பதைத் தீர்மானிக்க, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறை இன்று உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. கணுக்கால் அல்லது நடுப்பாதத்தில் வலியுடன் கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்.

• வெளிக்கணு அல்லது உட்கணு எலும்பின் நுனியையோ, நுனியிலிருந்து மேல்நோக்கி 6 செ.மீ. வரையிலான பின்விளிம்பையோ அழுத்தும்போது வலி இருத்தல்.
• பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தும்போது வலி இருத்தல்.
• பாதத்தின் உள்விளிம்பில், உட்கணுவிற்கு முன்புறம் உள்ள எலும்பை அழுத்தும்போது வலி இருத்தல்.
• காயமடைந்த உடனும், மருத்துவமனைக்கு வந்த பின்னும், நொண்டியாவது நான்கு அடி நடக்க இயலாதிருத்தல்.

பாதம் கோணியிருத்தல், மரத்துப்போதல், குளிர்ந்து வெளிறுதல், எலும்பு வெளியே தெரிதல் ஆகியவை அவசரநிலைகள். அத்தகைய வேளையில் காலை அசைக்காமல் தாங்கு கொடுத்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வளரும் பருவத்துச் சிறுவர் சிறுமியரில், தசைநாருக்கு மாறாக எலும்பின் வளர்தகடு பாதிக்கப்படலாம். தொடக்க எக்ஸ்-ரேயில் இது தெரியாமலும் போகலாம். ஆகவே எலும்பின்மேல் வலி நீடித்தால் அவர்களை மீண்டும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

முதல் சில நாட்கள்

ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும். காலை உயர்த்தி வைத்து, கிரேப் பேண்டேஜை மிதமான இறுக்கத்தில் கட்ட வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒருமுறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் வரை, இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை ஒத்தடம் கொடுக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலின்மேல் வைக்கக் கூடாது.

சுளுக்கு எடுப்பதாகக் கூறி எண்ணெய் தடவி அழுத்தி உருவுவது நம் ஊர்களில் பரவலான வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்களில் கிழிந்த திசுவில் இரத்தக்கசிவு தொடர வாய்ப்புள்ளது. அந்நிலையில் உருவுவதும் சூடான ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தை அதிகப்படுத்தும். எலும்பு முறிவு இருப்பின், மேலும் பெரிய பாதிப்பை விளைவிக்கும். எனவே இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வாரக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருப்பதும் பெரும்பாலான சுளுக்குகளுக்குத் தேவையற்றது. எலும்பு முறிவு இல்லை என உறுதியான பின், வலி அனுமதிக்கும் அளவிற்குப் பாதத்தை அசைக்கவும், தேவைப்பட்டால் ஊன்றுகோல் உதவியுடன் காலை ஊன்றி நடக்கவும் தொடங்கலாம். கடுமையான கிழிவிற்கு மட்டும் குறுகிய காலம் கட்டு தேவைப்படலாம். அதனை மருத்துவர் முடிவு செய்வார்.

வலி நீங்கிய பின் எஞ்சும் குறைபாடு

தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்விகளும் பாதிக்கப்படுகின்றன என்ற கருத்தை ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1965-ஆம் ஆண்டிலேயே முன்வைத்தனர். சுளுக்கிற்குப் பின் சிலருக்குக் கால் அடிக்கடி “பிசகுவதற்கு” இக்குறைபாடே காரணம் என்றும், ஆடும் பலகையின்மேல் நின்று பயிற்சி செய்வதன் மூலம் இதனைக் குறைக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். பிற்கால ஆய்வுகள், இக்குறைபாடு தசைநாருடன் நிற்பதில்லை என்பதைக் காட்டின. மூளையும் தண்டுவடமும் அசைவுகளைக் கட்டுப்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. அதனால், ஒரு காலில் சுளுக்கு ஏற்பட்டவருக்குக் காயமடையாத காலிலும் சமநிலை குறைந்திருப்பது உண்டு.

இக்குறைபாடு நடக்கும்போது தெரிவதில்லை. வேகமாகத் திரும்பும்போதும் ஒற்றைக்காலில் தரையிறங்கும்போதும்தான் வெளிப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் சுளுக்கு திரும்பத் திரும்ப ஏற்பட்டு, கணுக்கால் நாட்பட்ட நிலையற்ற தன்மையை அடையும். ஆண்டுகள் செல்லச் செல்லக் குருத்தெலும்பு தேய்ந்து, இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம் ஏற்படவும் வாய்ப்புண்டு. ஒரு போட்டிக்காக அவசரப்படும் வீரர் பல ஆண்டு ஆட்டத்தையே இழக்க நேரிடலாம்.

சமநிலையை அளவிடும் எளிய பரிசோதனைகள்

கீழ்க்காணும் பரிசோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கடிகாரமும் அளவுநாடாவும் போதும். காலை ஊன்றுவதில் வலி இல்லாத நிலையில், விழாமல் தாங்கிப் பிடிக்க ஒருவர் அருகில் இருக்கச் செய்ய வேண்டும்.

ஒற்றைக்கால் நிற்றல்: வெறுங்காலுடன், இரு கைகளையும் இடுப்பில் வைத்து ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். முதலில் கண்களைத் திறந்தும் பிறகு மூடியும் நின்று, எவ்வளவு நேரம் நிலையாக நிற்க முடிகிறது என்று இரு கால்களுக்கும் தனித்தனியே குறிக்க வேண்டும். கண்களை மூடியதும் பார்வையின் உதவி நீங்கிவிடுவதால், பாதத்திலிருந்து வரும் நிலையுணர்வின் குறை வெளிப்படும்.

பிழை எண்ணும் முறை: இரு கால்களையும் சேர்த்து நிற்றல், ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு காலின் பின் மறுகாலை வரிசையாக வைத்து நிற்றல் ஆகிய மூன்று நிலைகளில், கெட்டியான தரையிலும் மெத்தென்ற பரப்பிலும் கண்களை மூடி 20 விநாடிகள் நிற்கச் செய்ய வேண்டும். கை இடுப்பை விட்டு விலகுதல், கண் திறத்தல், தடுமாறி அடி வைத்தல், குதிகால் அல்லது முன்பாதம் தரையிலிருந்து எழுதல் போன்ற ஒவ்வொன்றும் ஒரு பிழையாகும். பிழைகள் குறையக் குறையச் சமநிலை மேம்படுவதாகக் கொள்ளலாம்.

மூன்று திசை எட்டுதல்: தரையில் முன்னோக்கி ஒரு கோடும், அதனுடன் 135 பாகைக் கோணத்தில் பின்னோக்கி இருபுறமும் ஒவ்வொரு கோடும் வரைய வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு காலை ஊன்றி, மறுகாலின் விரல்நுனியால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டக்கூடிய தொலைவைத் தொட்டு, தடுமாறாமல் திரும்ப வேண்டும். மூன்று தொலைவுகளின் கூட்டுத்தொகையைக் கால் நீளத்தின் மும்மடங்கால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது மொத்த மதிப்பெண். எடுத்துக்காட்டாக, கால் நீளம் 90 செ.மீ., எட்டிய தொலைவுகள் 60, 95, 91 செ.மீ. எனில், 246-ஐ 270-ஆல் வகுக்க ஏறத்தாழ 91 விழுக்காடு கிடைக்கும். இங்கே கால் நீளம் என்பது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்கணு வரையிலான அளவாகும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் நடத்தப்பட்டு 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், முன்னோக்கி எட்டும் தொலைவில் இரு கால்களுக்கும் இடையே 4 செ.மீ.-க்கு மேல் வேறுபாடு இருந்தவர்களுக்குக் கால் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. பிற விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இதே எல்லையைக் காட்டவில்லை. ஆகவே இவ்வெண்ணை எச்சரிக்கைக் குறியாகக் கொள்ளலாம். இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

சுவர் தொடும் பரிசோதனை: சுவரை நோக்கி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு தொலைவு வரை இது இயலும் என்பதை அளக்க வேண்டும். காயமடைந்த காலில் 2 செ.மீ. அளவிற்குக் குறைந்திருந்தால், கணுக்கால் இன்னும் இறுக்கமாக உள்ளது என்று பொருள்.

காயமடையாத காலிலும் சமநிலை குறைந்திருக்கக்கூடும் என்பதால், இரு கால்களையும் ஒப்பிடுவது மட்டும் போதாது. விளையாட்டுப் பருவம் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு மாணவரின் அளவுகளையும் உடற்கல்வி ஆசிரியர் குறித்து வைப்பது நல்லது. காயத்திற்குப் பின் அந்தப் பதிவுடன் ஒப்பிட்டால் உண்மை நிலை தெளிவாகும்.

மறுவாழ்வுப் பயிற்சியின் படிநிலைகள்

நாட்களை எண்ணி அடுத்த படிக்குச் செல்லக் கூடாது. ஒரு படியை வலியும் வீக்கமும் இன்றிச் செய்ய முடிந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்குவது சிறந்தது.

1. அசைவு: உட்கார்ந்த நிலையில் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ என எழுத்துகளை எழுதுவதுபோல் பாதத்தை எல்லாத் திசைகளிலும் அசைத்தல்.

2. வலிமை: ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி நான்கு திசைகளிலும் இழுத்தல், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், முதலில் இரு கால்களாலும், பின்னர் ஒற்றைக்காலாலும் செய்தல். பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பும் தசைகளுக்குத் தனிக்கவனம் தேவை.

3. சமநிலை: ஒற்றைக்காலில் 30 விநாடிகள் வரை, மும்முறை நிற்றல். எளிதானதும் கண்களை மூடி நிற்றல். அடுத்து மடித்த பாய் அல்லது தலையணையின்மேல் நிற்றல். பின்னர் அந்நிலையிலேயே மற்றொருவர் வீசும் பந்தைப் பிடித்தல். கவனம் பந்தில் இருக்கும்போதும் கால் தன்னைத் தானே நிலைப்படுத்திக்கொள்ளப் பழகுவதே இதன் நோக்கம்.

4. குதித்தல்: இரு கால்களால் குதித்து மெதுவாகத் தரையிறங்குதல், பின்னர் ஒற்றைக்காலால் முன்னும் பக்கவாட்டிலும் குதித்து, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்றல்.

5. விளையாட்டுக்குரிய அசைவுகள்: நேரான ஓட்டம், வளைந்து ஓடுதல், திடீரென நின்று திரும்புதல். கபடி வீரர் எனில், யாரும் பிடிக்காத நிலையில் போனஸ் கோடுவரை சென்று திரும்புதல். அதன்பின் ஒருவர் தடுக்க, பின்னர் முழு அணியும் தடுக்கப் பயிற்சி செய்தல்.

இப்பயிற்சியின் பயன் ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. நெதர்லாந்தில் அண்மையில் சுளுக்கு ஏற்பட்ட 522 விளையாட்டு வீரர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2009-ஆம் ஆண்டில் வெளியானது. வழக்கமான சிகிச்சையுடன், வாரம் மூன்று முறை வீதம் 8 வாரங்கள் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கு ஏற்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இது 33 விழுக்காடாக இருந்தது. வீட்டில் செலவின்றிச் செய்யக்கூடிய ஒரு பயிற்சி தரும் பயன் இது. ஆட்டத்திற்குத் திரும்பிய பின்னரும் இதனை நிறுத்தாமல் 8 வாரங்களை நிறைவு செய்வது நல்லது.

களத்திற்குத் திரும்புவது எப்போது?

2021-ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு நிபுணர்களின் ஒருமித்த கருத்து, ஐந்து கூறுகளை ஆராய்ந்து முடிவெடுக்கப் பரிந்துரைக்கிறது. அவற்றைப் பின்வரும் வினாக்களாக அமைத்துக்கொள்ளலாம்.

• விளையாடும்போதும், அதற்கு அடுத்த நாளும் வலி இல்லாமல் உள்ளதா?
• கணுக்காலின் அசைவும் வலிமையும் இயல்புக்குத் திரும்பியுள்ளனவா?
• தன் கணுக்கால் தாங்கும் என்ற நம்பிக்கை வீரருக்கு உள்ளதா?
• சமநிலைப் பரிசோதனைகளில் காயத்திற்கு முந்தைய அளவை எட்டியுள்ளாரா?
• குதித்தல், ஓடுதல், திரும்புதல் ஆகியவற்றைச் செய்து, ஒரு முழுப் பயிற்சியை முடிக்க முடிகிறதா?

ஐந்திற்கும் “ஆம்” என்ற விடை கிடைத்தால் களமிறங்கலாம். ஒன்றுக்கேனும் “இல்லை” எனில், அக்குறையைச் சரிசெய்யும் பயிற்சியைத் தொடர வேண்டும். வலி நிவாரண மாத்திரை அல்லது ஊசியின் துணையுடன் விளையாடுவது, மூட்டு தரும் எச்சரிக்கையை மறைத்துக் காயத்தைப் பெரிதாக்கும். முன்பு சுளுக்கு ஏற்பட்டவர்கள் விளையாடும்போது கணுக்கால் காப்புறை அணிவதோ, முறையாக டேப் ஒட்டுவதோ மீண்டும் சுளுக்கு ஏற்படும் வாய்ப்பைக் குறைக்கும். எனினும் இவை பயிற்சிக்கு மாற்றாகா.

ஆறு முதல் எட்டு வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்த பின்னரும் கால் பிசகினாலோ, வீக்கம் திரும்ப வந்தாலோ, மூட்டின் உள்ளே வலி நீடித்தாலோ எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணரை அணுக வேண்டும். குருத்தெலும்புக் காயம், கீழ்க்கால் எலும்புகளை இணைக்கும் தசைநாரின் கிழிவு ஆகியவை உள்ளனவா என்று அவர் ஆராய்வார்.

பெற்றோர், ஆசிரியர், பயிற்சியாளர் கவனத்திற்கு

தேர்வுப் போட்டி, விளையாட்டு ஒதுக்கீடு, அணியின் வெற்றி ஆகியவற்றை எண்ணி மாணவர்கள் வலியை மறைப்பது இயல்பு. “ஆட முடியுமா?” என்று கேட்டால் “முடியும்” என்றே சொல்வார்கள். ஆகவே இம்முடிவை அவர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒற்றைக்காலில் நிற்கவும், குதித்து நிலையாக இறங்கவும் செய்து பார்த்தால் விடை கண்ணெதிரே தெரியும். ஓய்விலிருக்கும் மாணவரை அணியிலிருந்து விலக்கிவிடாமல், பயிற்சித் திடலிலேயே அவருக்குரிய படிநிலைப் பயிற்சியை அளிக்க வேண்டும். அன்றாட ஆயத்தப் பயிற்சியில் ஐந்து நிமிடங்களைச் சமநிலைக்கு ஒதுக்கினால், ஏற்கனவே சுளுக்கு ஏற்பட்டவர்கள் பெரிதும் பயனடைவர்.

காயமடைந்தவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் பரிசோதனை செய்துகொள்ளலாம். தேவைக்கேற்ப, எக்ஸ்-ரே மற்றும் இயன்முறை சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனைக்கு அங்கிருந்து பரிந்துரைக்கப்படுவர்.

இக்கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக எழுதப்பட்டது. தனிப்பட்ட சிகிச்சைக்கு மருத்துவரின் நேரடி ஆலோசனையைப் பெற வேண்டும்.